கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

போன மாசியில், முகூர்த்த வேலை நெருக்கிக்கொண்டிருந்த நேரம். வலங்கைமானிலிருந்து ஒரு தம்பி கம்ப்யூட்டர் கேபினெட்டை வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு என்னிடம் வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். பல மாதம் பணம் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். எடிட் செய்த வீடியோவை முழுப் படமாக எடுக்க ரெண்டர் கொடுத்த சில நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது என்றார்.

திறந்து பார்த்தேன். அந்தக் கார்டுக்கு 8 பின் பவர் வயர் வேண்டும். அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையில், அப்படி ஒரு வயரே இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயர் இரண்டைச் சேர்த்து 8 பின்னாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். பிளக்கை இழுத்தேன், வரவில்லை. ஆட்டி ஆட்டி எடுத்தபோது கறுப்பு பிளாஸ்டிக் ஓர் ஓரத்தில் இளகி வழிந்திருந்தது; உள்ளே ஒரு பின் கரிந்து போயிருந்தது. கார்டு பிழைத்தது பெரிய விஷயம்.

அவர் வாங்கிய கார்டில் குறை ஒன்றுமில்லை. பட்ஜெட்டில் கார்டு தேடுகிற பெரும்பாலானவர்கள் கார்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்கினால் இந்தத் தவறுகளில் முக்கால்வாசி நடக்காது.

முதலில் எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். கீழே சிறிய எழுத்தில் +12 வோல்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்தத் தம்பியுடையதில் 14. பன்னிரண்டால் பெருக்கினால் 168 வாட்ஸ். கார்டு மட்டுமே 132 வாட்ஸ் வரை கேட்கும், பிராசஸரும் இதே லைனில்தான் எடுக்கும். மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதைவிடக் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்றுதானே நாம் பார்ப்போம், அதே கணக்குத்தான் இங்கேயும்.

கார்டைச் செருகும் மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ் தரும். 6 பின் வயர் 75, 8 பின் வயர் 150. சாட்டா பிளக் ஒன்று 54 வாட்ஸுக்கு மேல் தாங்காது, இரண்டு சேர்ந்தாலும் 108தான். அந்தக் கன்வெர்ட்டர் ஏன் உருகியது என்பது இதிலேயே தெரியும். ஆகவே 8 பின் கேட்கும் கார்டு வேண்டுமென்றால் நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸின் விலையையும் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்க முடியாது என்றால் தனி வயர் கேட்காத கார்டைத் தேடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி மாடல் 70 வாட்ஸ், ஆர்எக்ஸ் 6400 வெறும் 53. ஜிடிஎக்ஸ் 1650-இல் சில மாடல்கள் 6 பின் கேட்கும், படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. ஒல்லிப் பெட்டி என்றால் உயரம் குறைந்த லோ புரொபைல் கார்டுதான் உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தப் பெட்டிக்கென்றே செய்ததாக இருக்கும், கடையில் கிடைப்பதை மாட்ட முடியாது.

அடுத்தது பெயர் பார்த்து ஏமாறுவது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு உண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 8 ஜிபியில் கணக்குப் போடும் கோர் 2560, 6 ஜிபியில் 2304. மெமரியின் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்துவிட்டது. ஜிடி 1030 இதைவிட மோசம். ஜிடிடிஆர்5 மெமரி வைத்தது நொடிக்கு 48 ஜிபி வேகம், டிடிஆர்4 வைத்தது 16.8 ஜிபி. அட்டைப்பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. பிள்ளைக்காக வாங்கும் அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? ஜிடி 710 மாதிரிக் கார்டைப் புதிதாகவே கொடுத்தாலும் வேண்டாம். அந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர் வருவது 2021-லேயே நின்றுவிட்டது.

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடர் கிடையாது. கேமுக்குச் சரி, எடிட்டிங்குக்கு வாங்கினால் ஏமாற்றம். தவிர இவை மதர்போர்டுடன் நான்கு லேனில், அதாவது நான்கு டேட்டா பாதையில் மட்டுமே ஓடும், பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் போட்டால் வேகம் இன்னும் அடிபடும். இன்டெல் ஆர்க் ஏ380 வீடியோ வேலைக்கு நல்ல கார்டு. ஆனால் பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும், பழைய போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது.

செகண்ட் ஹேண்ட் கார்டைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கி வருகிறவர்கள் பலர். போங்கள், ஆனால் ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். ஜிடிஎஸ் 450 மாதிரிப் பழைய சிப்பின் பயாஸை, அதாவது கார்டுக்குள் எழுதியிருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது பல வருடமாக நடக்கிறது. அப்படிப்பட்ட கார்டென்றால் அந்த சாஃப்ட்வேர் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும்.

அப்புறம் மானிட்டர். இப்போதைய கார்டுகளில் பழைய மானிட்டர்களுக்கான விஜிஏ போர்ட் வருவதில்லை. முத்துப்பேட்டையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "கார்டு போட்டும் கேம் பழையபடியேதான் ஓடுது அண்ணே" என்றான். வீடியோ காலில் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். நீல முனை வைத்த விஜிஏ கேபிள் மதர்போர்டிலேயே செருகியிருந்தது, கார்டின் போர்ட்டுகளில் தூசி மூடி கூட எடுக்கவில்லை. கார்டில் அந்தக் கேபிளுக்கு இடமில்லாததால் பழைய இடத்திலேயே விட்டிருக்கிறான். உள்ளே சிப் வைத்த ஹெச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்று வாங்கச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் கார்டிலிருந்து படம் வந்துவிட்டது என்று மெசேஜ் அனுப்பியிருந்தான்.