கைக்குழந்தையின் வாயில் ஹெர்பெஸ் கொப்புளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையின் உதட்டோரம் கடுகளவு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பியிருந்தால், முதலில் குழந்தைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் ஒரு வயதுக் குழந்தைக்கு வந்தால், பெரும்பாலும் 10 முதல் 14 நாள் பாடாய்ப்படுத்திவிட்டுப் போகும் வாய்ப்புண். பிறந்த ஆறு வாரத்துக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்த ஆறு வாரத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு, "காய்ச்சல் இல்லையே, நாளைக்குப் பார்க்கலாம்" என்பது. பச்சிளம் குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமல் வைரஸ் மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவலாம். உடல் சில்லிட்டும் போகலாம். பால் இழுத்துக் குடிக்காது, துவண்டு கிடக்கும், வெட்டி இழுக்கும். இவையெல்லாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு கொப்புளம் போதும், நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்பார்கள். "வாயில்தானே புண், முதுகில் ஏன் ஊசி?" என்று பலர் மறுத்துவிடுகிறார்கள். மறுக்காதீர்கள். வைரஸ் மூளையைத் தொட்டிருக்கிறதா என்பதை அந்த நீர்தான் காட்டும். எத்தனை நாள் மருந்து என்பதும் அதைப் பொறுத்ததே. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக ஏறும். தோல், கண், வாயோடு நின்றிருந்தால் 14 நாள். மூளைக்கோ உள்ளுறுப்புகளுக்கோ பரவியிருந்தால் குறைந்தது 21 நாள். கொப்புளம் அதற்கு முன்பே காய்ந்துவிடும். அதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதும், பிறகு ஆறு மாதம் வாய்வழியாகத் தரவேண்டிய மருந்தைப் பாதியில் விடுவதும் ஆபத்து.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வந்தால், பல் முளைக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பல் முளைப்பதால் 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வராது. ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிந்து, நாக்கு நுனியிலும் உதட்டின் உட்புறத்திலும் புண் இருந்தால் ஹெர்பெஸைச் சந்தேகியுங்கள். தொடங்கி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் கொடுத்தால்தான் நல்ல பலன். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

மரத்துப்போக வைக்கும் ஜெல் தடவவே கூடாது. அதில் இருக்கும் லிக்னோகெய்னைக் குழந்தை எச்சிலோடு விழுங்கினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். சில ஜெல்களில் இருக்கும் பென்சோகெய்ன், ரத்தம் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் திறனையே கெடுத்துவிடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு வைரஸுக்கு வழிவிடும். ஒரு வயது வரை தேனும் வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில். அரை மணி நேரம் கழித்துப் பால் கொடுத்துப் பாருங்கள். வலி அடங்கியிருப்பதால் குடிக்கும். அப்போதும் மறுத்தால், ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது என்றால் டிரிப்ஸ் தேவைப்படலாம், தாமதிக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நீங்களாகப் பாராசிட்டமால் தராதீர்கள். அந்த வயதில் 38 டிகிரி என்பதே அவசர நிலை, மருந்து அதை மறைத்துவிடும்.

உதட்டில் புண் உள்ள யாரும், பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும்வரை குழந்தையை முத்தமிடக் கூடாது. அம்மாவுக்கே புண் என்றால் தாய்ப்பாலை நிறுத்துவதுதான் தவறு. முகக்கவசம் போட்டு, 20 விநாடி சோப்பால் கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம். மார்பிலேயே கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஆறும்வரை தரக்கூடாது, மறுபக்கம் தரலாம்.

எச்சில் துடைத்த துணியால் கண்ணைத் துடைக்காதீர்கள். கண் சிவந்தால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் சூப்பும் குழந்தையின் கட்டைவிரல் வீங்கிக் கொப்புளித்தால், சீழ் கட்டியிருக்கிறது என்று நினைத்துக் கீறிவிடாதீர்கள். அதுவும் இதே வைரஸாக இருக்கலாம். கீறினால் புண் பெரிதாகும், ஆறவும் நாளாகும்.