நாகாலாந்துல காடு, பறவை, போர்க்களம் பாக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஒவ்வொரு அக்டோபர் நவம்பர்லயும் நம்ம ஊர்லேர்ந்து கோஹிமா, வோக்கா பக்கம் வர்றவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே இருக்கு, சந்தோஷம்தான். ஆனா புதுசா வர்றவங்க அதே தப்புகளைத்தான் திரும்பத் திரும்பப் பண்றாங்க, இதுல பாதி நானும் ஆரம்பத்துல பண்ணினதுதான். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, அட்டைக்கு உப்பு எடுத்துக்கோங்க, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லாத விஷயத்தை மட்டும் எழுதுறேன்.

இன்னர் லைன் பர்மிட்

வெளியாளுங்க மாநிலத்துக்குள்ள நுழையறதுக்கான அனுமதிச் சீட்டு இது, கெளம்புறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துருங்க. திமாப்பூர்ல எறங்கிட்டு எடுக்கலாம்னு வராதீங்க.

பர்மிட் இருக்கு, அதனால எங்க வேணா போலாம்னு நெனைக்கிறது

இதுதான் பெரிய தப்பு. இதைப் பத்தி நெனச்சாலே எனக்கு இன்னும் கோவம் வருது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நம்ம ஊர்ல காடுன்னா ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட். செக்போஸ்ட்ல பேரு எழுதி, டிக்கெட் வாங்கிட்டா முடிஞ்சுது. நாகாலாந்துல அப்படிக் கெடையாது. இங்க காடுல பெரும்பகுதி ஊருக்கும் குலத்துக்கும் குடும்பத்துக்கும் சொந்தம், அரசியல் சட்டம் 371ஏ பிரிவுலயே நிலம், அதோட வளம், ஊர் வழக்கம் இதுக்கெல்லாம் தனிப் பாதுகாப்பு இருக்கு. நீங்க நிக்கிற மேடு ஒருத்தரோட வயலா இருக்கும், எதிர்ல இருக்கிற மரக்கூட்டம் இன்னொரு குலத்தோடதா இருக்கும், ஏரிக்குப் போற மண்பாதை ஊர் ஜனங்க சேந்து வெட்டினதா இருக்கும். பர்மிட்ங்கிறது மாநிலத்துக்குள்ள வர்றதுக்கு மட்டும்தான். ஊருக்குள்ள போறதுக்கு ஊரைக் கேக்கணும்.

வோக்கா மாவட்டத்துல டோயாங் நீர்த்தேக்கம் இருக்குல்ல, அங்க அமூர் வல்லூறுங்கிற வலசைப் பறவையைப் பாக்க சென்னையிலேர்ந்து ஒரு குரூப் வந்தாங்க. நல்ல பசங்க, விலை ஒசந்த கேமரா, பறவை பத்தி நெறைய படிச்சிருந்தாங்க. மொதல்ல ஊர் நிர்வாகம் பாக்குற கவுன்சில் ஆபீஸ்ல நில்லுங்கப்பா, ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்கன்னு போன்லயே சொன்னேன். சரிண்ணான்னாங்க. ஆனா மேப்ல தண்ணி ஓரம் வரைக்கும் கோடு தெரிஞ்சுதாம், வெளிச்சம் போயிடுமேன்னு ஊரைத் தாண்டி நேரா வண்டியை எறக்கிட்டாங்க. யாரோ ஒருத்தரோட வயல் வரப்புல ட்ரைபாட் போட்டு, பறவைங்க அடையுற நேரத்துல ட்ரோனை வேற மேல ஏத்திட்டாங்க. மரத்துல உக்காந்த கூட்டம் மொத்தமா கெளம்பி வானத்துல சுத்த ஆரம்பிச்சிடுச்சு, இருட்டுற வரைக்கும் எறங்கவே இல்லையாம்.

ஊர் இளைஞர்கள் வந்தாங்க. யாரும் கையை ஓங்கல, கத்தல. கவுன்சில் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு டீ குடுத்துட்டு, பெரியவங்க வந்ததும் அபராதம் போட்டாங்க, ட்ரோனைக் காலையிலதான் திருப்பிக் குடுத்தாங்க. பசங்களுக்கு ஒரு நாளும் கொஞ்சம் பணமும் போச்சு, அதோட அவங்க கதை முடிஞ்சுது. ஆனா அடுத்த வாரம் நான் வயசான தம்பதி ஒருத்தரை அதே ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். எப்பவும் அடுப்பு பக்கத்துல உக்கார வெச்சு சோறு போடுற வீடு அது. வாசல்லயே நிக்க வெச்சு, இந்த வருஷம் வெளியாள் வேணாம்னு ஊர்ல முடிவு பண்ணிட்டோம் அண்ணான்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கே சொல்றதுக்குக் கஷ்டமா இருந்துது, என் மூஞ்சியைப் பாக்காமத்தான் சொன்னாங்க.

அவங்க கோவத்துல நியாயம் இருக்கு. 2012 வரைக்கும் இந்தப் பறவையை வலை கட்டி ஆயிரக்கணக்குல புடிச்சு வித்துட்டிருந்த எடம் அது. அந்த வருஷம் அந்த வேட்டையோட வீடியோ வெளிய வந்து உலகமே திட்டுச்சு. பாங்தி மாதிரி ஊர்கள் கூடிப் பேசி, அடுத்த வருஷமே வேட்டையை நிறுத்திட்டாங்க. அது அவங்களுக்கு சீசன் வருமானம், குழந்தைங்க ஃபீஸ் கட்டின காசு. சைபீரியா, வட சீனா பக்கத்துலேர்ந்து கெளம்பி, இங்க ஈசல், பூச்சி தின்னு உடம்பு தேத்திக்கிட்டு, அரபிக் கடலையே தாண்டித் தென் ஆப்பிரிக்கா பக்கம் போற பறவை அது, டோயாங்ல அடையுற அந்தக் கொஞ்ச நாள் அதோட உசுரு. அந்தக் கொஞ்ச நாளைக் காப்பாத்தத்தான் ஊரே வருமானத்தை விட்டுக் குடுத்திருக்கு. அங்க போய் நாம ட்ரோன் விட்டா?

கோனோமாவும் இப்படித்தான். கோஹிமா பக்கத்துல, வேட்டைக்குப் பேர் போன அங்காமி நாகா மக்களோட ஊர், 1998ல ஊரே முடிவெடுத்து காட்டைச் சரணாலயம் ஆக்குனாங்க, ப்ளைத் ட்ராகோபான்ங்கிற அந்த செவப்புக் கழுத்துக் காட்டுக்கோழி இனம் அங்க பொழைச்சு நிக்கிதுன்னா அது ஊர்க்காரங்க போட்ட தடையாலதான்.

அதனால என்ன பண்ணணும்னா, ஹோம்ஸ்டே புக் பண்ணும்போதே கவுன்சில்கிட்ட சொல்லி வைக்கச் சொல்லுங்க. ஊருக்குள்ள போனதும் மொதல்ல ஆபீஸ், இல்லன்னா ஜி.பி.ன்னு கூப்பிடுற ஊர்ப் பெரியவர் வீடு, விசேஷ நாள்னா செவப்பு சால்வை போட்டிருப்பார், சுலபமா அடையாளம் தெரியும். நுழைவுக் கட்டணம் கட்டுங்க, ஊர்ப் பையன் ஒருத்தனை கைடா எடுத்துக்கோங்க, எங்க நிக்கக் கூடாது, எதை ஃபோட்டோ எடுக்கக் கூடாதுன்னு நீங்களே கேளுங்க. இதுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் புடிக்கப் போய்தான் எல்லாம் கெட்டுச்சு.

ட்ரோன்

வேணாம்.

நம்ம ஊர் கணக்குல சாயங்காலம் பிளான் பண்றது

நவம்பர்ல நாலரைக்கெல்லாம் சூரியன் எறங்கிடும். மத்தியானம் சாப்ட்டு ரெண்டு மணிக்கு மெதுவா கெளம்பலாம்னா மலைப்பாதையில இருட்டுல மாட்டுவீங்க. விடியறது சீக்கிரம், காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிற ஆளுக்குத்தான் இந்த ஊர்.

ஞாயித்துக்கெழமை

சர்ச் நாள். கடை, டாக்ஸி, கைடு எதையும் நம்பாதீங்க, அன்னைக்கு ஓய்வெடுங்க.

கல்லறைத்தோட்டத்தோட கோஹிமாவை முடிச்சிடறது

காரிசன் ஹில்ல இருக்கிற போர்க் கல்லறைக்கு எல்லாரும் போறாங்க. ரெண்டாம் உலகப் போர்ல, 1944 ஏப்ரல் 4லேர்ந்து ஜூன் 22 வரைக்கும் ஜப்பான் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் நடந்த சண்டை, டெபுடி கமிஷனர் பங்களாவோட டென்னிஸ் கோர்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு படையும் கையெறி குண்டு வீசற தூரத்துல கெடந்த எடம், கோர்ட்டோட எல்லைக் கோடுகளை இன்னமும் வெள்ளையா காட்டி வெச்சிருக்காங்க. 1,420 கல்லறை. மேல ஏறிப் போங்க, அங்க எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு, நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் அது வரைக்கும் போறதே இல்ல, கீழயே செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடறாங்க.

ஆனா கல்லறை சொல்றது படைக்காரங்க கதை மட்டும்தான். சண்டை நடந்தது ஜனங்க குடியிருந்த ஊர்கள்ல. கிசாமா பக்கத்துல கிக்வேமா, இம்பால் ரோட்டுல விஸ்வேமா, கோஹிமாவுக்கு மேக்கால ஜோட்சோமா, இங்கெல்லாம் ஒரு நாள் தங்குங்க. ஒரு வீட்டுல அடுப்படிக்குப் பின்னாடி ஒரு பதுங்குகுழி காட்டுனாங்க. பாதி மண் மூடி நெஞ்சளவு பள்ளம்தான் இருந்துது, மேல முழுக்க சௌசௌ கொடி படந்து காய் தொங்குது. அந்த வீட்டுப் பாட்டி கொடியை ஒதுக்கிக் காட்டிட்டே சொன்னாங்க, ஜப்பான்காரன் மொதல்ல நெல்லு கேட்டான், அப்புறம் கேக்காம எடுத்தான், மாட்டையும் எடுத்தான், அப்புறம் மேலேர்ந்து குண்டு விழுந்துச்சு, நாங்க காட்டுக்குள்ள போய் கெழங்கு தின்னோம்னு. ஜப்பான் ஜெனரல் சாட்டோவோட 31வது டிவிஷன் சாப்பாடு இல்லாமத்தான் கடைசியில பின்வாங்குச்சு, அதை நாம வரலாறா படிக்கிறோம், அந்தப் பாட்டிக்கு அது அவங்க வீட்டு நெல்லு.

இந்த மாதிரி எடமெல்லாம் எந்த மேப்லயும் இருக்காது. வீட்டுக்காரங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுனா உண்டு, தோட்டத்துல கேக்காம எறங்கிடாதீங்க.

துருப்பிடிச்ச இரும்பு

தொடாதீங்க, வாங்காதீங்க. காடு திருத்தும்போது இப்பவும் வெடிக்காத குண்டு கெடைக்குது.

ஐ.என்.ஏ. பத்தி வாதம் பண்றது

மலாயாலேர்ந்து நம்ம தமிழ் ஆளுங்க எத்தனையோ பேர் நேதாஜியோட ஐ.என்.ஏ.ங்கிற இந்திய தேசிய ராணுவத்துல சேந்தாங்க, அந்தப் படையிலேர்ந்து ஒரு பகுதி ஜப்பான் படையோட சேந்து இந்தப் போர்முனைக்கும் வந்துச்சு. அதனால நமக்கு இங்க வரும்போது நெஞ்சு அடைக்கும், அது நியாயம். ஆனா கோஹிமா பக்கம் நாகா ஜனங்க பெரும்பாலும் பிரிட்டிஷ் படைக்குத்தான் வழி காட்டுனாங்க, காயம் பட்டவங்களைச் சுமந்தாங்க, மறுபக்கம் நின்னவங்களும் சிலர் உண்டு. நம்ம தாத்தா பக்கம்தான் சரின்னு அவங்க வீட்டுல உக்காந்து பேசாதீங்க. உங்க தாத்தா கதையைச் சொல்லுங்க, அவங்க தாத்தா கதையைக் கேளுங்க. நான் பாத்த வரைக்கும் அப்படிப் பேசுறப்பதான் பெட்டிக்குள்ள இருக்கிற பழைய ஃபோட்டோ வெளிய வருது.

ஜூக்கோ பள்ளத்தாக்குல தீ மூட்டுறது

கோஹிமாவுக்குத் தெக்க மலை மேல இருக்கிற பள்ளத்தாக்கு இது, குளிருதுன்னு கேம்ப்ஃபயர் போட நெனைப்பாங்க. அங்க மலை முழுக்க குட்டை மூங்கில், டிசம்பர்ல காஞ்சு கெடக்கும். 2020 டிசம்பர் கடைசியில புடிச்ச தீ ரெண்டு வாரத்துக்குக் கிட்ட எரிஞ்சுது, மலை கருகுனதைப் பாத்தவங்க யாரும் அங்க தீப்பெட்டி எடுக்க மாட்டாங்க. கூட ஒரு கம்பளி எடுத்துட்டுப் போங்க. விஸ்வேமா, ஜாக்காமா எந்த வழியா ஏறினாலும், பாதை திறந்திருக்கான்னு முந்தின நாள் கோஹிமாவுல விசாரிச்சுக்கோங்க.

கையில காசு இல்லாம வர்றது

கோஹிமா, வோக்கா டவுன் தாண்டிட்டா ஏடிஎம் நம்பி வராதீங்க, சிக்னல் போச்சுன்னா யுபிஐயும் போச்சு. நுழைவுக் கட்டணம், கைடு, ஹோம்ஸ்டே, படகு எல்லாத்துக்கும் நோட்டா வெச்சுக்கோங்க, சின்ன நோட்டா இருந்தா நல்லது. கவுன்சில்ல கட்டுற காசுக்கு ரசீது குடுப்பாங்க, பத்திரமா வெச்சுக்கோங்க, அடுத்த வளைவுல பசங்க நிறுத்திக் கேட்டா அதைக் காட்டினாப் போதும்.