ரீமேக்கில் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

1993இல் பாசில் எடுத்த 'மணிச்சித்ரதாழு'வில் நாகவல்லி தமிழ் பேசுவாள். தஞ்சாவூரிலிருந்து கேரளத்துத் தரவாட்டுக்கு, அதாவது பரம்பரை வீட்டுக்கு, கொண்டுவரப்பட்டு இறந்துபோன நாட்டியக்காரி அவள். பல காலம் கழித்து அந்த வீட்டுக்கு வரும் கங்கா, தன்னையே நாகவல்லியாக நினைக்கத் தொடங்குகிறாள். கடைக்குப் போகக் கூடாது என்று கணவன் தடுக்கிறான். அதுவரை மலையாளத்தில் குழைந்து பேசிக்கொண்டிருந்த கங்கா தமிழில் சீறுகிறாள், கட்டிலைத் தூக்குகிறாள். கங்காவாக நடித்த ஷோபனாவின் கண்ணையும் குரலையும் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஆனால் முதுகு சில்லிடுவதற்குப் பாதிக் காரணம், அந்த வீட்டில் யாரும் பேசாத ஒரு பாஷை அவள் வாயிலிருந்து வருவதுதான்.

சரி, இதைத் தமிழில் அப்படியே எடுத்தால்? தமிழ் வீட்டில் தமிழ் பேசும் பேயைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வையும் அடுத்த வருடம் இங்கே 'சந்திரமுகி'யையும் எடுத்தபோது நாட்டியக்காரியைத் தெலுங்குக்காரி ஆக்கினார். 'ரா ரா' பாட்டு தெலுங்கில் இருப்பது அதனால்தான். 'சந்திரமுகி'யைத் தெலுங்கில் டப் செய்தபோது அதே பாட்டைத் தமிழுக்கு மாற்றி 'வாராய்' என்று வைத்தார்கள். 2007இல் பிரியதர்ஷன் இந்திக்குக் கொண்டுபோனபோது நாட்டியக்காரி மஞ்சுலிகா வங்காளம் பேசினாள். மூலத்தில் அந்த விஷயம் எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்கிற மாற்றம் இது.

ரீமேக் எடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, இந்த 'எதற்காக' என்ற கேள்வியைக் கேட்காமலே காட்சியை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது. கேட்டவர்களுக்கு வழி கிடைக்கிறது. 'அந்தாதுன்' என்ற இந்திப் படத்தில் கொலையாகும் முன்னாள் கதாநாயகனாக வருபவர், நிஜமாகவே எழுபதுகளில் நாயகனாக நடித்த அனில் தவான். அவருடைய பழைய பாட்டுகளும் படத்தில் வரும். தமிழில் 2024இல் 'அந்தகன்' வந்தபோது அந்த இடத்தில் கார்த்திக். நமக்கு ஏற்கெனவே பாசம் இருக்கிற முகம் என்பதால் அந்தச் சாவு உறைக்கிறது. யாரோ ஒரு வயதான குணச்சித்திர நடிகரைப் போட்டிருந்தால் கதை ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு நாயகனை ஊதிப் பெரிதாக்குவது. இதுதான் அதிகமாக நடப்பதும்கூட. சச்சியின் 'அய்யப்பனும் கோஷியும்' (2020) இரண்டு பேர் தராசில் சமமாக நிற்கிற படம். அட்டப்பாடியில் மது கொண்டுவந்து மாட்டிக்கொள்ளும் பணக்கார வீட்டுப் பிள்ளை கோஷி, அவனைப் பிடிக்கும் போலீஸ்காரர் அய்யப்பன் நாயர். யார் பக்கம் நிற்பது என்று நமக்கே பிடிபடாது, கட்சி மாறிக்கொண்டே இருப்போம். தெலுங்கில் அதற்குப் போலீஸ்காரரின் பெயரை மட்டும் வைத்தார்கள்: 'பீம்லா நாயக்'. பெயர்ப் பலகையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, அப்புறம் வழக்கு எதற்கு?

மூன்று பெண்களுக்காக ஒரு வக்கீல் வாதாடும் இந்திப் படமான 'பிங்க்' தமிழில் 'நேர்கொண்ட பார்வை' ஆனபோது வக்கீலுக்கு ஒரு சண்டையும் வித்யா பாலனோடு ஒரு பிளாஷ்பேக்கும் சேர்ந்தன. ஆனாலும் நீதிமன்றக் காட்சிகளைப் பெரிதாகக் கலைக்காமல் விட்டார் எச். வினோத், அதற்கு நன்றி. தெலுங்கு 'வக்கீல் சாப்'பில் வக்கீலின் பழைய கதைக்கு ஒதுக்கிய இடத்தில் அந்த மூன்று பெண்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதே கணக்கைப் போட்டால் 'சந்திரமுகி'யையும் திட்ட வேண்டும். மூலத்தில் மோகன்லால் வருவதற்கே ஏறக்குறைய பாதிப் படம் ஓடிவிடும். இங்கே ரஜினி ஆரம்பத்திலேயே சண்டையோடு வந்துவிடுவார். மர்மத்துக்கு அது நஷ்டம்தான். ஆனால் அந்த இடத்தை வடிவேலுவை வைத்து நிரப்பினார்கள், ஜோதிகாவின் பங்கில் கை வைக்கவில்லை. எதை எடுத்தால் படம் விழும் என்று தெரிந்து மற்றதை மாற்றினால் தப்பிக்கலாம் போல.

ஊரை மாற்றாமல் பெயர்களை மட்டும் மாற்றுவது இன்னொரு தவறு. அதில் விழாத படம் 'பாபநாசம்'. மலையாள 'திருஷ்யம்' அந்தப் பெயரில் தமிழுக்கு வந்தபோது மூலத்தை எடுத்த ஜீத்து ஜோசப்பே இயக்கினார், வசனம் ஜெயமோகன். குடும்பத்தைக் காக்க ஒரு கொலையை மறைக்கும் இடுக்கிப் பக்கத்து ஜார்ஜ்குட்டி, நெல்லைத் தமிழ் பேசும் சுயம்புலிங்கம் ஆனார். கமலின் அழுகை சற்று அதிகம் என்பது என் கட்சி. ஆனாலும் அந்த வீடு நம்மூர் வீடாக இருந்தது.

இப்போது புதிதாக ஒரு சிக்கலும் உண்டு. மூலத்தை டப்பிங்கிலோ ஓடிடியிலோ எல்லாரும் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 'விக்ரம் வேதா'வை 2022இல் புஷ்கர்–காயத்ரியே இந்தியில் எடுத்தார்கள். ஹ்ரித்திக் ரோஷன், சைஃப் அலி கான் என்று ஆள் பலம் இருந்தும், கதையின் திருப்பங்கள் பெரும்பாலும் பழையவைதான். அதே 'திருஷ்யம்' 2019இல் சீனப் படமானபோது கதையைத் தாய்லாந்தில் வாழும் ஒரு சீனக் குடும்பத்துக்கு மாற்றி, கடைசியில் அப்பாவைச் சரணடைய வைத்தார்கள். எனக்கு நம் ஜார்ஜ்குட்டி தப்பிப்பதுதான் பிடிக்கும். ஆனால் முடிவு தெரியும் என்ற தெம்பில் உட்கார்ந்தவனைக் கடைசி ரீலில் அந்தப் படம் நிமிர வைத்துவிட்டது.