லயத்து வீட்டில் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவது

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் ஏறவேண்டிய ஒரு தேயிலைத் தோட்ட டிவிஷனில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா (அறை), ஒரு குசினி (சமையலறை), முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை). 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது மூத்தவள் ஆண்டு ஒன்றில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டீச்சர் வாட்ஸப்பில் பாடம் அனுப்புவார். அதை எடுக்க நான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி போனைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். மழை வந்தால் அதுவும் இல்லை. சரி, நாமே சொல்லிக்கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். நான் ஓ.எல்., அதாவது பதினொன்றாம் ஆண்டுப் பரீட்சை வரை படித்தவள், டீச்சர் இல்லை. அதனால் முதல் மூன்று வாரம் செய்ததெல்லாம் பிழையாகப் போயிற்று. பிறகு சின்னவனுக்கு ஆற அமரப் பழக்கினேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது அந்தி நேரத்தில் வந்து உட்காருகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் கதை இது இல்லை. நம் நாட்டில் 5 வயதிலிருந்து 16 வரை பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடம் போவதற்கு முந்திய இரண்டு வருஷமும், மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களும், அந்திப் பொழுதும்தான் நம் கையில் இருப்பவை. எழுத்துப் பழக அது போதும்.

நான் செய்த பெரிய பிழை, ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதச் சொன்னது. அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்: நான் எழுதிக்கொடுத்த அ மேலே இருக்கிறது. அதற்குக் கீழே அவள் எழுதிய முதல் அ கொஞ்சம் கோணல், ஆனாலும் அ தான். மூன்றாவது வரியில் சுழி சின்னதாகிவிட்டது. ஆறாவது வரியில் சுழியே இல்லை. கடைசி வரியில் இருப்பதைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். அப்புறம்தான் விளங்கியது. முதல் எழுத்தை மட்டும்தான் பிள்ளை என் எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். இரண்டாவதிலிருந்து தன் எழுத்தையே பார்த்து எழுதியிருக்கிறாள். பிழையைப் பார்த்துப் பிழை எழுதி, அதை முப்பது தடவை கைக்குப் பழக்கியும் விட்டேன். பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தக் கையெழுத்துக்குக் கொப்பியில் குறுக்கே சிவப்புக் கோடு வாங்கிவந்து அழுதாள். அழவேண்டியது நான்.

இப்போது நான் செய்வது இதுதான். ஓர் எழுத்தை மூன்று தடவை எழுதவேண்டும், நான்காவது கிடையாது. மூன்றில் எது நல்ல எழுத்து என்று பிள்ளையே பார்த்து வட்டம் போடவேண்டும். ஏன் அது நல்லது என்று கேட்டால், “இது சாயல, கோட்டுல குந்தியிருக்கு” என்பான் சின்னவன். அந்தக் கண் வந்துவிட்டால் கை தன்னால் பின்னால் வரும். மொத்தமே கால் மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளையும் கெடும், நம் வாயும் கெடும்.

புள்ளி வைத்த எழுத்தின் மேல் எழுதுகிற கொப்பிகள் கடையில் விற்கின்றன. சீசன் காலத்தில் எங்கள் வாசலில் நின்றால் சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதையில் லைட் வரிசை தெரியும், அந்த மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. புள்ளியைச் சேர்ப்பதிலேயே பிள்ளையின் கவனம் போய்விடும். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை அது கவனிக்காது. ‘ப’வை வலப்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதினாலும் கொப்பியில் சரியாகத்தானே தெரியும்!

பென்சிலுக்கு முன்னால் விரலைத் தயார்படுத்துங்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குப் பென்சில் கொடுத்தால் முழுக் கையால் பிடித்து, கரண்டி மாதிரி குத்தும். அது பிள்ளையின் குற்றமில்லை, விரலில் இன்னும் பலம் வரவில்லை. ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரு உருண்டையை அதன் கையில் கொடுங்கள். போஞ்சிக்கு நார் உரிக்கட்டும், பட்டாணி உடைக்கட்டும், துணி காயப்போடும்போது கிளிப் மாட்டட்டும். பிடியைக் காட்டிக்கொடுக்க எங்கள் வீட்டில் தனியாக ஒருவர் இருக்கிறார், என் மாமியார். முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்த கை. “அப்பாயி எப்படிக் கொழுந்து எடுக்கிறாங்க, காட்டு” என்றால் சின்னவன் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்ப்பான். அந்த இரண்டுக்கும் நடுவில் பென்சிலை வைத்து, நடுவிரலை அடியில் முட்டுக் கொடுத்தால் பிடி வந்துவிடும். பென்சிலைப் பாதியாக உடைத்துக் கொடுங்கள். விரல் நீளத்துக் குட்டைப் பென்சிலை முழுக் கையால் பிடிக்க இடமில்லை. 2022-இல் கொப்பி, பென்சில் எல்லாம் விலை ஏறிய நேரத்தில், ஒன்றை இரண்டாக்குவோம் என்று உடைத்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தது இது.

எழுதிப் பழகக் கொப்பியும் உடனே வேண்டாம். தேத்தண்ணி வடித்த சக்கையை அடுப்பங்கரையில் காயவைத்து, வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். விரலால் எழுதினால் கறுப்புக்குள் வெள்ளையாக எழுத்து தெரியும். தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் அழிந்துவிடும். பிழை போனால் தடயம் இல்லை என்பதால் பயந்த பிள்ளையும் எழுதும். சக்கை நன்றாகக் காயவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நான் முதலில் புதுத் தேயிலைத் தூளையே கொட்டி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது வேறு கதை.

அடுத்தது எந்த எழுத்தை முதலில் என்பது. விஜயதசமிக்குக் கோயிலில் ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதுவிப்பார். அது நல்ல காரியம், விடாதீர்கள். ஆனால் மறுநாள் வீட்டில் அ வேண்டாம். தமிழில் கைக்குச் சிரமமான எழுத்துகளில் அதுவும் ஒன்று, ‘இ’ அதைவிட மோசம். நான் ‘ட’வில் தொடங்குகிறேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அந்தக் கோட்டை மேலே ஏற்றினால் ப. மேலே ஏறியதை உள்ளே வளைத்து இறக்கினால் ம. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் வந்ததுமே பிள்ளை படம், பட்டம், மடம் என்று சொல் எழுதிவிடும். முதல் வாரத்திலேயே சொல் எழுதின பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும்! பிறகு ர, ‘ா’ என்கிற கால்: மரம், பாடம். பள்ளிக்கூடத்தில் இந்தக் காலை ‘அரவு’ என்பார்கள், இரண்டு பெயரையும் சொல்லிவையுங்கள். பிறகு க, ச, த: காகம், தாத்தா, சட்டம். அதற்குப் பிறகு சுழி உள்ள வ, ல, ன, ண, ள. உயிரெழுத்தெல்லாம் கடைசியில் மெதுவாக வரட்டும்.

247 எழுத்து என்று பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். முப்பத்துச் சொச்சம் உருவமும் சில குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. தொல்லை கொடுப்பது முக்கியமாக உகர வரிசைதான். அதை மனப்பாடம் செய்யவிடாமல் மூன்று குடும்பமாகப் பிரித்தேன். கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளைகிற குடும்பம். சு, பு, யு, வு கீழே கோடு இறக்குகிற குடும்பம். து, நு, ணு, லு, று, னு அடியில் போய்க் கால் மாதிரி முடிகிற குடும்பம். அட்டையில் எழுதி வெட்டிக் கொடுத்தால் பிள்ளைகளே கூட்டம் பிரிப்பார்கள். அதற்குப் பழைய கலண்டர் அட்டை நல்லது.

ஆறு வயதில் நான் வைக்கிற பரீட்சை ‘கொழுந்து’. நாள் முழுக்க இந்த மலையில் காதில் விழுகிற சொல். தமிழ் எழுத்தின் சங்கடம் பாதி அதற்குள் இருக்கிறது. நாம் எல்லாரும் ‘கொளுந்து’ என்றுதான் பேசுகிறோம். ஆகவே ழகரத்தைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால்தான் பழக்கவேண்டும். மழை, பழம், கொழுந்து, கிழங்கு என்று வீட்டில் புழங்குகிற ழகரச் சொற்களைக் கதவில் ஒட்டிவைத்தேன். அடுத்தது ‘கொ’. பிள்ளைக்குக் காதில் க் முதலில் விழுகிறது, கையோ ‘ெ’ என்கிற கொம்பை முதலில் போடவேண்டும். மூத்தவள் வெகுநாள் க எழுதிவிட்டு, கொம்பையும் காலையும் பின்னால் தொங்கவிட்டாள். “கொம்பு முன்னாலேயே ஓடிப்போய் பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிச்சு வைக்கும், க பிறகு வந்து குந்தும்” என்று சொன்னேன். அன்றோடு சரியாயிற்று.

இன்னொரு குழப்பம் மாமியாரால் வந்தது. அவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தவர், நல்ல கையெழுத்து. பேத்திக்கு ‘மலை’ எழுதிக் காட்டியபோது லை தும்பிக்கை வைத்த பழைய உருவத்தில் வந்தது. பிள்ளை அதைப் பார்த்து, இது எந்த எழுத்து என்று என்னிடம் ஓடிவந்தாள். தமிழ்நாட்டில் 1978-இல் அரசு ஆணை போட்டு மாற்றிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. பெரியவர்கள் கையில் இன்னும் பழையது இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டையும் வாசிக்கக் காட்டுங்கள், எழுதப் புதியதைக் கொடுங்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். லயத்துக் காம்பராவில் பகலிலேயே இருட்டு. பல்பு தலைக்குப் பின்னால் இருந்தால் பிள்ளையின் நிழலே எழுத்தின் மேல் விழும். நாங்கள் இஸ்தோப்பில், வலது கைப் பிள்ளைக்கு இடப்பக்கம் வெளிச்சம் வருகிற மாதிரி உட்காருகிறோம். மேசை இல்லை. இரண்டு கல்லின் மேல் ஒரு பலகை, பிள்ளை சம்மணம் போட்டால் முழங்கை பலகையில் படவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தரையில் குப்புறப் படுத்து எழுத விடாதீர்கள்.

ஜூன், ஜூலை மாதங்களில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கொப்பித்தாள் நமுத்து, பென்சில் ஏறாது, அழிறப்பர் பட்டால் கிழியும். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு பிஸ்கட் டின்னில் வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் புகைக்கரி படியும், அதனால் குசினிச் சுவரின் மறுபக்கம்தான் நல்ல இடம்.

எழுதப் பழகிய பிள்ளைக்கு எழுதுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். கொழும்பில் கடையில் வேலை செய்கிற அப்பாவுக்கு இரண்டு வரி எழுதலாம். கடைச் சிட்டையைப் பிள்ளையே எழுதலாம். ஒருநாள் மூத்தவள் மா, சீனி, பருப்பு என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே கோவையாக எழுதி, ‘சீ’ வரிக் கடைசியில் போய் நின்று, ‘னி’ அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. கடைக்காரர் மேல் வரியைப் பார்த்து மாசிக் கருவாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ரொட்டியும் இல்லை, தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை, மாசிச் சம்பல் மட்டும் இருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஒரு விரல் வைத்துப் பார் என்று நான் நூறு தடவை சொல்லியும் கேட்காதவள், அதற்குப் பிறகு விரல் வைக்காமல் எழுதுவதில்லை.

கடைசியாக இடது கை. சின்னவன் இடது கையால் எழுதுகிறவன். மாற்றவேண்டாம். கொப்பியை வலப்பக்கம் சாய்த்து, அதாவது மேல் வலது மூலை கீழே இறங்குகிற மாதிரி வையுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்லுங்கள், எழுதிய எழுத்தைக் கை மறைக்காது. வெளிச்சம் வலப்பக்கம் வரட்டும். இது எல்லாம் சுலபம். மாமியாரைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் இல்லாத நேரம் பார்த்துப் பென்சிலை வலது கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டேன், “அத்தை, மலையில நீங்க எந்தக் கையால கொழுந்து எடுக்கிறீங்க?”

“ரெண்டு கையாலயும்தான். ஒரு கையால எடுத்தா கிலோ வருமா?”

சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேரனைப் பார்த்து, “எழுதுறதுன்னா எழுதிக்க கண்ணு. சோத்துல மட்டும் அந்தக் கைய வச்சிடாதே” என்றார்.