இமிடியட்லி, மொமென்ட், ஜஸ்ட் நவ்: எங்க சறுக்குது?

தமிழ்ல "இப்ப"ங்கிற ஒரு வார்த்தைய வெச்சே எல்லாத்தையும் ஓட்டிருவோம். இப்பதான் வந்தான், இப்ப வர்றான், இப்ப வந்துருவான்னு மூணு காலத்துக்கும் அதேதான், மிச்சத்த வினைச்சொல் பாத்துக்கும். இங்கிலீஷ்ல அப்படி விட முடியாது, அங்க பாதி வேலைய இன், ஃபார், அட்னு முன்னாடி நிக்கிற குட்டி வார்த்தைங்கதான் செய்யுது, அதனாலதான் மொமென்ட்டுக்கும் மினிட்டுக்கும் அர்த்தம் நல்லா தெரிஞ்சவங்களே அந்த இடத்துல சறுக்குறாங்க.

மொமென்ட்டையே எடுத்துக்குங்க. "ஐ வில் கம் இன் எ மொமென்ட்"னா கொஞ்ச நேரத்துல வந்துர்றேன். "ஐ வில் கம் ஃபார் எ மொமென்ட்"னா வருவேன், ஆனா ரொம்ப நேரம் இருக்க மாட்டேன். முதல்ல சொன்னது எப்ப வருவேங்கிறது, ரெண்டாவது எவ்ளோ நேரம் இருப்பேங்கிறது. "அட் தி மொமென்ட்"னா இந்த நேரத்துல என்ன நிலைமையோ அது. "ஃபார் தி மொமென்ட்"டும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா பின்னாடி மாறலாம்னு ஒரு இழுவை அதுல இருக்கும். "வீ ஆர் நாட் ஹயரிங் ஃபார் தி மொமென்ட்"னு பதில் வந்தா அப்புறமா ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம்.

நிமிஷக் கணக்குலயும் இதே கதைதான். பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன்னு சொல்ல "ஐ வில் கம் ஆஃப்டர் டென் மினிட்ஸ்"னு சொல்றவங்க அதிகம், புரியும், ஆனா இயல்பா சொல்றது "இன் டென் மினிட்ஸ்". "விதின் டென் மினிட்ஸ்"னா பத்து நிமிஷத்த தாண்டாது, அதுக்குள்ள எப்ப வேணா வரலாம். இதவிட மோசம் "பிஃபோர் ஃபைவ் மினிட்ஸ்". அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிங்கிறத அப்படியே தூக்கி வெச்சா வர்ற தப்பு இது, "ஃபைவ் மினிட்ஸ் அகோ"ன்னு வரணும். அப்புறம் "எ ஃபைவ் மினிட்ஸ் பிரேக்" இல்ல, "எ ஃபைவ் மினிட் பிரேக்". நேரம் இன்னொரு சொல்லுக்கு அடைமொழியா முன்னாடி போய் நின்னா அந்த எஸ் கழண்டுக்கும் (எழுதும்போது நடுவுல சின்ன கோடு போடணும்).

எனக்கு இதுல ரொம்ப சுவாரசியமா படுறது "ஆஸ் சூன் ஆஸ்". "நாளைக்கு போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்"னு சொல்றோம்ல, நாளைக்கு நடக்கப்போறதுக்கு "சேர்ந்த"ன்னு இறந்தகால உருவத்த போடுறோம், நமக்கு அது துளிகூட உறுத்தாது. அத அப்படியே இங்கிலீஷுக்கு கொண்டுபோனா "ஆஃப்டர் ஐ அரைவ்டு, ஐ வில் கால்"னு வந்து நிக்கும். இன்னும் சில பேர் எதிர்காலம்தானேன்னு "ஆஸ் சூன் ஆஸ் ஐ வில் அரைவ்"னு போடுவாங்க. ரெண்டுமே தப்பு. "ஆஸ் சூன் ஆஸ் ஐ அரைவ், ஐ வில் கால்", அவ்ளோதான், வில் ஒரு பக்கம் மட்டும் போதும். "தி மொமென்ட் ஐ அரைவ்"னு சொன்னாலும் இதே விதி, நடுவுல "வென்"னு ஒண்ணு சொருக வேண்டாம்.

சடன்லி விஷயத்துக்கு வருவோம். "சடனா கிளம்பி வா"ன்னு தமிழ்ல பேசுறோம், அதுல உடனேங்கிற அர்த்தம் ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ்ல சடன்லின்னா திடீர்னு, யாரும் எதிர்பாக்காத மாதிரி. "ப்ளீஸ் கம் சடன்லி"ன்னு மெசேஜ் போட்டா, வந்து என்ன பயமுறுத்துன்னு கேக்குற மாதிரி இருக்கும். அங்க வேண்டியது இமிடியட்லி இல்லன்னா ரைட் அவே. அட் ஒன்ஸும் போடலாம், ஆனா அதுக்கு ரெண்டு முகம், "கம் அட் ஒன்ஸ்"னா உடனே வா, "டோன்ட் ஆல் டாக் அட் ஒன்ஸ்"னா எல்லாரும் ஒரே நேரத்துல பேசாதீங்க.

ஊருக்கு ஊர் மாறுற வார்த்தைங்களும் இருக்கு. மொமென்டரிலிங்கிறது பிரிட்டிஷ் வழக்குல "கொஞ்ச நேரத்துக்கு", அமெரிக்கால "இன்னும் கொஞ்ச நேரத்துல"ங்கிற அர்த்தமும் சகஜம். ப்ரெசென்ட்லி பழைய பிரிட்டிஷ் வழக்குல "சீக்கிரத்துல", அமெரிக்கால "இப்போதைக்கு". ஜஸ்ட் நவ் இன்னும் வேடிக்கை, மத்த இடத்துல "ஹீ லெஃப்ட் ஜஸ்ட் நவ்"னு சற்று முன்ன நடந்ததுக்கு சொல்வாங்க, தென்னாப்பிரிக்கால "ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்"னா அப்புறமா செய்வேன், எப்பன்னு கேக்காத. வெளிநாட்டு ஆளுங்களோட வேலை பாக்குறவங்க இந்த மூணையும் நம்பி இருக்காம நேரத்தையே சொல்லிடுறது நல்லது.

ஆபீஸ் மெயில்ல நடக்குறது இலக்கணத் தப்பு இல்ல, தொனி. "சென்ட் இட் இமிடியட்லி" இலக்கணப்படி சரி, படிக்கிறவருக்கு அது அதட்டல். முன்னாடி கைண்ட்லி சேத்தாலும் அதட்டல் போகாது, இன்னும் எரிச்சலாத்தான் இருக்கும். ஏஎஸ்ஏபியும் (ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள், முடிஞ்ச அளவு சீக்கிரம்) அப்படித்தான், மேலதிகாரிக்கு அனுப்புற மெயில்ல போடாம இருக்குறதே மேல். "குட் யூ சென்ட் இட் பை ஃபோர்?"னு கேட்டா வேலையும் நடக்கும், மனஸ்தாபமும் இல்ல. ஷார்ட்லின்னு, அதாவது சீக்கிரமே அனுப்புறேன்னு எழுதிட்டு மூணு நாள் கழிச்சு அனுப்புறதும் இந்த வகைதான்.

எழுத்துல குழப்புற ஜோடிங்க கொஞ்சம். ஃபார் இன்ஸ்டன்ட் இல்ல, ஃபார் இன்ஸ்டன்ஸ். மொமென்டரின்னா நொடிப்பொழுது இருந்துட்டு போறது, மொமென்டஸ்னா ரொம்ப முக்கியமானது, கல்யாண வாழ்த்துல "மொமென்டரி அக்கேஷன்"னு எழுதினா சபிச்ச மாதிரி ஆயிரும். மினிட்டோட அதே எழுத்த மைன்யூட்னு உச்சரிச்சா துளியூண்டுன்னு அர்த்தம். பழைய லெட்டர்கள்ல தேதிக்கு பக்கத்துல இன்ஸ்ட்னு பாத்தீங்கன்னா அது அர்ஜென்ட் இல்ல, நடப்பு மாசம். இன் எ ஜிஃபி (ஒரு நொடியில) பேச்சுக்கு நல்லாருக்கும், அப்ளிகேஷன்ல எழுதிடாதீங்க.