கிறிஸ்துமஸுக்கு மூன்றடுக்கு மின்ட் சாக்லேட் பிரவுனி

மின்ட் எசன்ஸைப் பிரவுனி மாவிலேயே கலந்து ஓவனில் வைத்தால் வீடு முழுக்க கமகமவென்று மணக்கும். அந்த மணமெல்லாம் பிரவுனியை விட்டுக் கிளம்பிப் போனதுதான். வெந்து வந்ததைத் தின்று பார்த்தால் மின்ட் இருந்த சுவடு மட்டும் தெரியும். சரி, அடுத்த தடவை இரண்டு பங்கு ஊற்றுவோம் என்று செய்தால் பற்பசை ருசி வந்து நிற்கும். பெப்பர்மின்ட் எண்ணெய் எளிதில் ஆவியாகிவிடும் பொருள். அதை ஓவனுக்குள் அனுப்பவே கூடாது.

அதனால்தான் இந்தப் பிரவுனி மூன்று அடுக்காக இருக்கிறது. கீழே பேக் செய்த சாக்லேட் பிரவுனி, நடுவில் அடுப்பே காணாத மின்ட் கிரீம், மேலே மெல்லிய சாக்லேட் பூச்சு. அமெரிக்க வீடுகளில் டிசம்பர் மாதம் செய்யும் மின்ட் பிரவுனிகளில் பல இந்த அமைப்பில்தான் இருக்கும். ஒரே நாளில் செய்து முடிக்கலாம். ஆனால் முதல் நாள் பிரவுனி, மறுநாள் மற்ற இரண்டும் என்று பிரித்துக்கொண்டால் கை பதறாது, வெட்டும்போதும் அடுக்குகள் நேராக நிற்கும்.

எந்த மின்ட்?

சட்னிக்கு அரைக்கும் புதினா இதற்கு உதவாது. நம் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் வாசனை கார்வோன் என்ற பொருளிலிருந்து வருகிறது. மிட்டாயில் நாக்கு ஜில்லென்று ஆவது மென்தாலால். அது பெப்பர்மின்டில் ஏராளம், ஸ்பியர்மின்டில் மிகக் குறைவு. புதினா இலையைப் பாலில் கொதிக்கவிட்டு வடிகட்டிச் சேர்த்தால் பச்சிலை வாசம் வரும், குளிர்ச்சி வராது. சாக்லேட்டோடு சேரும்போது அந்த வாசம் பிரியாணியைத்தான் நினைவூட்டும்.

வாங்க வேண்டியது பெப்பர்மின்ட் எசன்ஸ். பாட்டிலில் வெறுமனே 'மின்ட்' என்று மட்டும் இருந்தால் பின்பக்கம் படித்துப் பாருங்கள். ஸ்பியர்மின்ட் கலந்ததாக இருக்கலாம். பெப்பர்மின்ட் எண்ணெய் என்று தனியாக விற்பது எசன்ஸைவிடப் பல மடங்கு வீரியமானது. உணவுக்கானது என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் ஸ்பூன் கணக்கில் இல்லை, சொட்டுக் கணக்கில். தலைவலிக்குத் தேய்க்கவும் அறையில் மணக்கவும் விற்கும் எண்ணெய்களைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

பிரவுனிக்கு

20 செ.மீ. சதுர டின்னுக்கான அளவு இது:

டார்க் சாக்லேட் (கோகோ 55–60%) – 170 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 115 கிராம்
சர்க்கரை – 200 கிராம்
நடுத்தர முட்டை – 3 (ஓடு நீக்கி 125–135 கிராம்)
மைதா – 85 கிராம்
இனிப்பில்லாத கோகோ பவுடர் – 20 கிராம்
வெனிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்
உப்பு – கால் டீஸ்பூன்

மைதாவைக் கப்பில் அளக்காதீர்கள். கப்பை மாவில் அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம் வரை ஏறும், ஸ்பூனால் தூவி நிரப்பினால் 120 கிராம் அளவில் நிற்கும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பிரவுனி கேக் மாதிரி உலர்ந்து போவதற்கு இந்த வித்தியாசம் போதும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பேக்கிங் பவுடர் விட்டுப்போனதோ என்று தேட வேண்டாம், இதில் கிடையாது. போட்டால் உப்பி, பொலபொலவென்று கேக்காகிவிடும்.

சாக்லேட் பாக்கெட்டில் 'காம்பவுண்ட்' என்று இருந்தால் அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கிறது. மேல் பூச்சுக்கு அது பரவாயில்லை. பிரவுனிக்குள் போட்டால் இனிப்பு தூக்கலாகி, சாக்லேட்டின் கசப்பு காணாமல் போகும். மேலே வருகிற மின்ட் அடுக்கு முழுக்கச் சர்க்கரை என்பதால் கீழே கசப்பு இருந்தே ஆக வேண்டும்.

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் 15–20 நிமிடம் சூடாக்குங்கள். டின்னுக்கு பேக்கிங் பேப்பர் (பட்டர் பேப்பர் என்பார்கள்) போடும்போது இரண்டு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிறகு தூக்கி எடுக்க அதுதான் கைப்பிடி. மெழுகு பூசிய தாளும் சில கடைகளில் பட்டர் பேப்பர் என்றே கிடைக்கும். அது ஓவனுக்கு ஆகாது, மெழுகு உருகிப் புகையும்.

சாக்லேட்டையும் வெண்ணெயையும் துண்டாக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, லேசாகக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. முக்கால்வாசி உருகியதும் இறக்கிக் கிளறினால் மிச்சம் தானே உருகும். மைக்ரோவேவ் என்றால் பாதி பவரில் 30 விநாடி, ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துக் கிளறல். சூடு மிஞ்சினால் எண்ணெய் தனியே பிரிந்து, பிரவுனி தின்னும்போது கையில் பிசுபிசுக்கும். விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் பக்குவத்துக்கு ஆறட்டும்.

வேறு கிண்ணத்தில் முட்டை, சர்க்கரை, உப்பு, வெனிலாவைச் சேர்த்துக் கை விஸ்க்கால் இரண்டு நிமிடம் அடியுங்கள். கடைச் சர்க்கரை பருமனாக இருந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள், மாவாக வேண்டாம். சாதாரண பிரவுனிக்கு இங்கே ஐந்து நிமிடம் பீட்டரால் அடிக்கச் சொல்வார்கள்; மேலே பளபளவென்று காகிதம் போல ஓடு வருவதற்காக. இந்தப் பிரவுனிக்கு அந்த ஓடு இடைஞ்சல். அடியில் காற்று நின்று தனியே தூக்கிக்கொள்ளும், வெட்டும்போது மின்ட் அடுக்கும் அதோடு சேர்ந்து பெயர்ந்து வரும். சர்க்கரை பெரும்பாலும் கரைந்தால் போதும், நுரை தேவையில்லை.

சாக்லேட் கலவையை முட்டையில் ஊற்றிக் கலந்து, மைதாவையும் கோகோவையும் சேர்த்துச் சலித்துப் போட்டு, ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். வெள்ளைக் கோடு மறைந்த கணம் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கலக்கினால் மைதா இழுவை பிடித்து ரப்பர் போலாகும். டின்னில் ஊற்றி மூலைவரை சமமாகப் பரப்புங்கள்.

நடுத் தட்டில் 24 முதல் 28 நிமிடம். 22-வது நிமிடத்திலேயே சோதிக்க ஆரம்பியுங்கள். விளிம்புக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட இடத்தில் பல்குச்சியைக் குத்துங்கள். ஈரத் துகள் ஒட்டி வந்தால் எடுத்துவிடலாம். கூழாக வந்தால் இன்னும் மூன்று நிமிடம். குச்சி சுத்தமாக வந்தால் தாமதமாகிவிட்டது என்று பொருள். கேக்குக்குச் சரியான சோதனை பிரவுனியைக் காயவைத்துவிடும், ஏனென்றால் வெளியே எடுத்த பிறகும் டின்னின் சூட்டில் அது வெந்துகொண்டே இருக்கும்.

சின்ன ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) மேலே சூடேறும் கம்பி மிக அருகில் இருக்கும். ஓவனைச் சூடாக்கும்போது இரண்டு கம்பியும் போட்டு, பேக் செய்யும்போது கீழ்க்கம்பி மட்டும் வையுங்கள். ஃபேன் உள்ள கன்வெக்‌ஷன் என்றால் 160 டிகிரி. கண்ணாடிப் பாத்திரத்திலும் 160 டிகிரிதான், நேரம் ஐந்து நிமிடமாவது கூடும். கண்ணாடி மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால் நடு வேகும் முன் ஓரம் கடினமாகிவிடும். உலோக டின்னே நல்லது. 23 செ.மீ. வட்ட டின் ஏறக்குறைய இதே பரப்பு, அளவை மாற்ற வேண்டாம். 23 செ.மீ. சதுரம் என்றால் எல்லாவற்றையும் 1.3 ஆல் பெருக்குங்கள்.

வெளியே எடுத்தவுடன் உயர்ந்து நிற்கும் ஓரங்களை ஸ்பேட்டுலாவின் தட்டைப் பக்கத்தால் மெதுவாக அமுக்குங்கள். மேலே இரண்டு அடுக்கு வரப்போகிறது, தளம் சமமாக இருக்க வேண்டும். டின்னிலேயே இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மின்ட் அடுக்கு

உப்பில்லாத வெண்ணெய், அறை வெப்பத்தில் – 60 கிராம்
ஐசிங் சுகர் – 200 கிராம்
பால் – 1 டேபிள்ஸ்பூன்
பெப்பர்மின்ட் எசன்ஸ் – அரை டீஸ்பூனில் தொடங்கி
உப்பு – ஒரு சிட்டிகை
பச்சை ஜெல் கலர் – விருப்பப்பட்டால்

வெண்ணெயை விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், பளபளவென்று உருகியிருக்கக் கூடாது. உருகிய வெண்ணெயில் செய்த கிரீம் எத்தனை ஐசிங் சுகர் போட்டாலும் வழியும். வெண்ணெயை ஒரு நிமிடம் அடித்து, சலித்த ஐசிங் சுகரை இரண்டு தவணையாகச் சேர்த்து, பாலை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாக விட்டு, சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, ஆனால் ஸ்பூனைத் தூக்கினால் ஒழுகாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சென்னை போன்ற ஊர்களில் டிசம்பரிலும் பாதிப் பாலிலேயே அந்தப் பதம் வந்துவிடலாம். முழுவதையும் ஊற்றித் தீர்க்க வேண்டியதில்லை.

எசன்ஸின் வீரியம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். அரை டீஸ்பூன் கலந்து ஐந்து நிமிடம் விட்டு, சின்னத் துண்டு பிரவுனியோடு சேர்த்து ருசியுங்கள். கிரீமை மட்டும் நக்கிப் பார்த்தால் சரியாகத் தோன்றும் மின்ட், சாக்லேட்டோடு சேரும்போது அடங்கிப் போகும். தேவைப்பட்டால் சில சொட்டுகள் கூட்டுங்கள், முக்கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். எண்ணெய் என்றால் இரண்டு சொட்டு, அதிகபட்சம் மூன்று. மூன்று நான்கு முறை ருசித்ததும் மென்தாலில் நாக்கு மரத்துப்போய் எதுவும் போதாததாகத் தோன்றும். அந்த நேரத்தில் இன்னும் ஊற்றுவதுதான் பற்பசைக்குப் போகும் வழி. தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்து, இதுவரை ருசிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

பச்சை நிறம் ருசிக்கு எதுவும் செய்யாது; பார்த்ததும் மின்ட் என்று புரிவதற்காகத்தான். பல்குச்சி நுனியில் தொட்ட ஜெல் போதும். மஞ்சளான உப்பு வெண்ணெயில் செய்தால் அது கிளிப்பச்சையாகி, உப்பும் தனியே தெரியும். வெளிறிய உப்பில்லாத வெண்ணெயை இந்த அடுக்குக்காவது வாங்குங்கள்.

குளிர்ந்த பிரவுனி மேல் பரப்புங்கள். சுமார் அரை செ.மீ. கனம் வரும். பிரவுனியில் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தாலும் அடியில் கிரீம் இளகி, பிறகு அடுக்கு வழுக்கும். மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, தொட்டால் விரலில் ஒட்டாத வரை இறுகவிடுங்கள்.

மேல் பூச்சு

டார்க் சாக்லேட் 120 கிராம், வெண்ணெய் 45 கிராம். சேர்த்து உருக்கி, உதட்டில் தொட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும் வரை ஆறவிடுங்கள். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஊற்றினால் மின்ட் அடுக்கு உருகிப் பச்சைக் கோடுகள் மேலே மிதந்து வரும். ஊற்றியதும் டின்னைச் சாய்த்துச் சாய்த்து ஓடவிடுங்கள். ஸ்பேட்டுலாவை அழுத்தினால் அடியிலிருக்கும் கிரீமைச் சுரண்டிவிடும்.

வெண்ணெய் சேர்க்காமல் வெறும் சாக்லேட்டை ஊற்றினால் கண்ணாடி போல இறுகி, கத்தி பட்டதும் விரிசல் ஓடும், கிரீம் பக்கவாட்டில் பிதுங்கும். உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து சாக்லேட் திரிதிரியாகக் கட்டிப்போனால் தூக்கி எறிய வேண்டாம். சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்தால் மறுபடி வழவழப்பாகும். பூச்சு கொஞ்சம் மென்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜில் பதினைந்து நிமிடம் ஆனதும், பூச்சு பாதி இறுகிய நிலையில், வெட்ட வேண்டிய கோடுகளைக் கத்தி நுனியால் மேலாகக் கீறி வையுங்கள். முழுதாக இறுகிய பிறகு வெட்டும்போது விரிசல் அந்தக் கோட்டோடு நிற்கும்.

வெட்டுவதும் வைப்பதும்

வெட்டும் முன் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். காகிதத்தைப் பிடித்துப் பலகைக்குத் தூக்குங்கள். நீளக் கத்தியைச் சுடுநீரில் நனைத்து, துடைத்து, மேலிருந்து நேராக அழுத்துங்கள், அறுக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பச்சையில் சாக்லேட் தீற்றல் விழும். ஐந்துக்கு ஐந்தாக 25 துண்டு சரியான அளவு. இதைவிடப் பெரிய துண்டைத் தின்று முடிப்பது கஷ்டம்.

சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பெப்பர்மின்ட் மிட்டாயைப் பொடித்துத் தூவ விரும்பினால் பரிமாறும் நாளன்று தூவுங்கள். முதல் நாளே தூவினால் ஈரத்தை இழுத்துக் கசிந்து சிவப்பு ஓடும்.

காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜில், ஐந்து நாள் இருக்கும். வெளியே எடுத்தால் டப்பாவை உடனே திறக்க வேண்டாம். இருபது நிமிடம் மூடியே இருக்கட்டும். திறந்தால் ஈரக்காற்று பட்டுப் பூச்சின் மேல் தண்ணீர் முத்து முத்தாக வேர்த்துப் பளபளப்பு போய்விடும். முன்கூட்டியே செய்ய வேண்டுமென்றால் அடித்தளத்தை மட்டும் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம்.

கிறிஸ்துமஸ் தட்டில் கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக்கோடு இதையும் கொடுப்பதாக இருந்தால் இதற்குத் தனி டப்பா. மென்தால் மூடிய டப்பாவுக்குள் எல்லாவற்றிலும் ஏறும். ஒரே இரவில் கல்கல் முழுக்க மின்ட் அடிக்கும், அதைப் போக்க வழியில்லை. தட்டில் அடுக்கும் வேலையைக் கொடுக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.