முகவரிப் புத்தகத்தை ஒத்திசைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அரிசி மூட்டை, ரேஷன் கார்டு, துணிமணி எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டோம். அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த மாமாவின் போனை யாரும் கவனிக்கவில்லை. மாமா காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறார். ஐஸ் போடுகிறவர், டீசல் தருகிறவர், வலை பின்னுகிறவர், இன்ஜின் மெக்கானிக், மீன் எடுக்கும் வியாபாரிகள் என்று நானூறுக்கும் மேல் எண்கள் அந்தப் போனில் இருந்தன.

"பயப்படாதீங்க மாமா, ஜிமெயிலைப் போட்டா எல்லாம் வந்துடும்" என்று நான்தான் தைரியம் சொன்னேன். புதுப் போனில் அதே ஜிமெயிலைப் போட்டோம். பதினாறு பெயர்கள் வந்தன. மற்றவை எல்லாம் பழைய போனின் நினைவகத்தில் மட்டுமே இருந்தவை. சிங்க், அதாவது ஒத்திசைவு, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூகுள் கணக்கில் சேர்த்த பெயர்களை மட்டும்தான் அது தொட்டது.

அதன் பிறகு, "ஜிமெயில்ல இருக்கிற பேரு அவுட்லுக்ல வரல", "ஐபோன்ல எல்லாம் டபுள் டபுளா இருக்கு" என்று யார் வந்து கேட்டாலும் எந்தப் பட்டனையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தப் பெயர் எந்தக் கணக்கில் குடியிருக்கிறது? பெரும்பாலான தவறுகள் இது தெரியாமல் போவதிலிருந்துதான் தொடங்குகின்றன.

எங்கே சேமிக்கிறோம் என்று பார்க்காமல் சேமிப்பது

ஆன்ட்ராய்டு போனில் புதுப் பெயர் சேர்க்கும்போது திரையின் மேல்பக்கம் ஒரு சிறிய வரி இருக்கும். போன், சிம், அல்லது உங்கள் ஜிமெயில் முகவரி, இவற்றில் ஏதாவது ஒன்று அதில் தெரியும். அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. சிம்மில் சேமித்தால் நீளமான பெயர் வெட்டுப்படும், இமெயில், வீட்டு முகவரி போன்ற விவரங்கள் பெரும்பாலும் தங்காது. போனில் மட்டும் சேமித்தால் மாமாவுக்கு நேர்ந்ததுதான் நேரும். கான்டாக்ட்ஸ் செயலியின் செட்டிங்ஸில் புதுப் பெயர்களுக்கான இயல்புக் கணக்காக ஜிமெயிலை ஒருமுறை வைத்துவிடுங்கள். ஐபோனிலும் கான்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் இதே மாதிரி ஒரு தேர்வு இருக்கிறது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து அங்கே காட்டும் எண்ணிக்கையைப் போனில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். போனில் 430, கூகுளில் 16 என்றால் மீதி 414 பெயர்கள் ஆபத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை இது. இன்றைக்கே செய்யுங்கள்.

இதே தவறின் இன்னொரு வடிவம் அலுவலகக் கணக்கு. எண்ணூர், மணலி பக்கம் வேலை பார்க்கும் பலர் கம்பெனி மெயிலைச் சொந்தப் போனில் போட்டிருக்கிறார்கள். அது இயல்புக் கணக்காக அமர்ந்துவிட்டால் அம்மாவின் எண்கூட கம்பெனியின் சர்வரில்தான் போய்ச் சேரும். வேலையை விட்டதும் நிர்வாகம் அந்தக் கணக்கை மூடும். அன்றைக்கே பெயர்களும் போய்விடும். அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

மூன்று பக்கமும் சுற்றவிடுவது

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளியிடம் ஐபோன், மேனேஜரிடம் ஆன்ட்ராய்டு, கணக்குப் பார்க்கும் கணினியில் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக், அதுவும் பழையது. யாரோ ஒருவர் ஆப்பிளின் சேமிப்புச் சேவையான ஐகிளவுடை விண்டோஸில் போட்டு அவுட்லுக்கோடு இணைத்திருந்தார். இன்னொருவர் அவுட்லுக்கையும் கூகுளையும் இணைக்க வேறொரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தார். முதலாளியின் ஐபோனில் கூகுளுக்கும் ஐகிளவுடுக்கும் இடையே நகல் எடுக்க மூன்றாவதாக ஒரு செயலி. நான் போய்ப் பார்த்தபோது சூரத் சேலை வியாபாரி ஒருவரின் பெயர் எட்டுமுறை இருந்தது. அதில் மூன்றில் பழைய எண்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்வது முக்கியம். ஒவ்வொரு பெயர் அட்டைக்கும் உள்ளே ஓர் அடையாளக் குறி இருக்கிறது. ஒரு சேவையிலிருந்து இன்னொரு சேவைக்கு நகல் போகும்போது அங்கே அதற்குப் புதிய குறி கிடைக்கலாம். வட்டத்தைச் சுற்றிவிட்டு அந்த நகல் திரும்பி வரும்போது முதல் சேவைக்கு அது தன்னுடைய பழைய அட்டை என்று தெரியாது. புது ஆள் என்று நினைத்துச் சேர்த்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

ஆகவே ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். கூகுளாக இருக்கலாம், ஐகிளவுடாக இருக்கலாம், மைக்ரோசாஃப்ட் கணக்காகவும் இருக்கலாம். எல்லாச் சாதனமும் அந்த ஒன்றோடு நேராகப் பேச வேண்டும். ஒன்றின் வழியாக இன்னொன்றுக்குப் போகக் கூடாது. என் கருத்தில், வீட்டில் ஆன்ட்ராய்டும் ஐபோனும் கலந்து இருந்தால் கூகுள்தான் வசதி. ஐபோனில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்து கான்டாக்ட்ஸை ஆன் செய்தால் போதும். கணினியில் மெயில் பார்க்கும் தண்டர்பேர்டு மென்பொருளும் கூகுளோடு நேராகவே பேசும். இதற்கெல்லாம் அடியில் ஓடுவது கார்ட்டேவ் என்ற பொது நெறிமுறை, 2011-இல் தரமாக வெளியானது. ஐகிளவுட் பெயர்களை ஆன்ட்ராய்டுக்குக் கொண்டுவருவதுதான் கொஞ்சம் சுற்று வழி. டேவ்எக்ஸ்5 போன்ற ஒரு செயலி வேண்டும், வழக்கமான கடவுச்சொல் செல்லாது, ஆப்பிள் கணக்கில் அந்தச் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்க வேண்டும்.

பழைய அவுட்லுக்கில் ஜிமெயிலைப் போட்டதும் பெயர்களும் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே அது ஐமேப் வழியாக இணைகிறது. ஐமேப் கடிதங்களுக்கு மட்டுமானது, முகவரிப் புத்தகம் அதன் வேலையே இல்லை.

சிங்க் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பது

தண்டையார்பேட்டையில் ஓர் அக்கா டெய்லரிங் கடை வைத்திருக்கிறார். ஐபோனில் பெயர்கள் இரட்டையாகத் தெரிகிறது என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக டெலீட் செய்தார். அவர் டெலீட் செய்ததெல்லாம் கூகுள் பக்கத்து அட்டைகள். மறுநாள் கடையின் ஆன்ட்ராய்டு போனில் வாடிக்கையாளர் ஒருவர் பெயரும் இல்லை. சிங்க் தன் வேலையைச் சரியாகவே செய்தது. சேர்த்ததை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, அப்படியே அழித்ததையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நல்லவேளை, மூன்றாம் நாளே என்னிடம் வந்தார். கூகுள் கான்டாக்ட்ஸில் அழித்த பெயர்கள் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். மொத்தப் புத்தகத்தையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு நிலைக்குத் திருப்பவும் வழி இருக்கிறது. ஐகிளவுட் இணையப் பக்கத்திலும் பழைய பிரதியை மீட்கும் வசதி உண்டு. ஆனால் 30 நாள் தாண்டினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே எதை ஒழுங்குசெய்ய ஆரம்பிப்பதற்கு முன்பும் மொத்தப் பெயர்களையும் ஒரு விகார்டு கோப்பாக (பெயர் அட்டைகளுக்கான பொதுக் கோப்பு வகை) ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வையுங்கள்.

ஒரு விஷயம், ஐபோனிலிருந்து ஜிமெயில் கணக்கை நீக்கினாலும் பெயர்கள் மறையும். அது வேறு. அவை கூகுளில் பத்திரமாக இருக்கும், கணக்கை மறுபடி போட்டால் திரும்பி வரும். பதற வேண்டாம்.

எக்ஸெல்லில் திறந்து சேமிப்பது

நிறையப் பேரின் உழைப்பை வீணாக்கும் தவறு இது. பெயர்களை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) இறக்கி, எக்ஸெல்லில் இருமுறை கிளிக் செய்து திறந்து, நாலு பெயரைத் திருத்திச் சேமித்து, வேறு சேவையில் ஏற்றுவார்கள். எக்ஸெல்லுக்கு அது தொலைபேசி எண் என்று தெரியாது, வெறும் எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும். 91-இல் தொடங்கும் 12 இலக்க எண் 9.19E+11 என்று சுருங்கும். அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். சென்னை லேண்ட்லைனின் 044 வெறும் 44 ஆகும். தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ பொருளில்லாத குறிகளாகவோ மாறும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். அதை வேறு முறையில் படித்தால் ஒரு எழுத்து மூன்று கிறுக்கலாகத் தெரியும்.

முடிந்தவரை விகார்டு வழியே போங்கள். சிஎஸ்வி கட்டாயம் என்றால், எக்ஸெல்லில் டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, எண்கள் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள். எண்களை எல்லாம் +91 போட்டுச் சேமிப்பது நல்லது. துபாயிலோ கப்பலிலோ இருக்கும் பிள்ளைகள் அதே புத்தகத்திலிருந்து கூப்பிடும்போது தொல்லை இருக்காது.

அப்புறம், இரட்டைப் பெயர்களை ஒன்றாக்கச் சொல்லும் "மெர்ஜ்" பரிந்துரையை மொத்தமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அந்தோணி என்ற பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், கணவன் மனைவி இருவரும் ஒரே எண் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். கூகுளில் போட்ட லேபிள்கள் ஐபோனில் குழுக்களாக வராது என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் மெயில் அனுப்பியதால் தானாகச் சேர்ந்த முகவரிகள் "அதர் கான்டாக்ட்ஸ்" பகுதியில்தான் கிடக்கும், போனுக்கு வராது. வேண்டியவர்களை நீங்களே எடுத்துச் சேர்க்க வேண்டும்.

மாமாவின் எண்களைத் திரும்பச் சேர்க்க ஒரு நோட்டுப் புத்தகத்தோடு துறைமுகத்தில் ஆள் ஆளாகப் போய்க் கேட்டு எழுதினோம். விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் போனால்தான் எல்லோரையும் பிடிக்க முடியும். மூன்று வாரத்தில் முந்நூறுக்கு மேல் வந்துவிட்டது. இப்போது மாமா புதுப் பெயர் சேர்க்கும்போது போனை என் பக்கம் திருப்பி, "மேல ஜிமெயில்னு போட்டிருக்கா பாரு தம்பி" என்று கேட்டுவிட்டுத்தான் சேமிக்கிறார்.